திருமலையிலிருந்து சிங்கப்பூர்: முதல் மூன்று நாட்களுக்கான முழுமையான வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, இறங்கிய அன்றே எல்லாவற்றையும் பார்த்துவிடப் புறப்படுவதுதான். கணக்கைப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய விமானம் என்றால் திருகோணமலையில் பகல் 1 மணிக்கு வேனில் ஏற வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அங்கே காலை 7.30, ஊரில் விடிய 5 மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. ஹோட்டல்களில் பெரும்பாலும் பின்னேரம் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஆக, வீட்டு வாசலைத் தாண்டிக் கட்டிலில் சாய 23 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அந்த உடம்போடு வெயிலில் அலைந்தால் இரண்டாம் நாளும் வீணாகும். முதல் நாளைச் சின்னதாக வைத்துக்கொண்டால் மற்ற இரண்டு நாளும் தானாக விரியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கில்தான் போடப்பட்டிருக்கிறது.

புறப்படும் முன்: கடதாசி வேலை

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவாகப் போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் "விசா வேண்டாம்" என்றால் "கேள்வி இல்லை" என்று அர்த்தமில்லை. நான்கு விஷயம் கையில் இருக்க வேண்டும்: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி, செலவுக்கான காசு. கடவுச்சீட்டு புதுப்பிக்க வேண்டியிருந்தால் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. திருமலையிலிருந்து வவுனியாக் கிளை அலுவலகம் கிட்ட.

அடுத்தது வருகை அட்டை. சிங்கப்பூர்க் குடிவரவு ஆணையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ, போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே நிரப்ப முயன்றால் ஏற்றுக்கொள்ளாது. இது முற்றிலும் இலவசம். இணையத்தில் தேடும்போது காசு கேட்கும் போலித் தளங்களும் வரும். அட்டை இலக்கம் கேட்கும் பக்கம் எதுவாயினும் மூடிவிடுங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். வீட்டில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, தகப்பன் பெயர் முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் என்று எழுதிப் பழகிவிட்டோம். கடவுச்சீட்டின் படப் பக்கத்துக்கு அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். டிக்கெட்டிலும் வருகை அட்டையிலும் அந்த வரியில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் வர வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டால், கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டரில் நின்று திருத்துவது மெத்தக் கஷ்டம். டிக்கெட் எடுத்த அன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசு: இலங்கை ரூபாயைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகாதீர்கள், அங்கே நல்ல விலைக்கு மாறாது. வங்கியில் கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் காட்டி அமெரிக்க டொலரோ சிங்கப்பூர் டொலரோ வாங்குங்கள். மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். வங்கி அட்டை இருந்தால் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லி, நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்றும் கேட்டுவையுங்கள்.

பெட்டியில் என்ன போகலாம், என்ன கூடாது

முதலில் கூடாதவை. வெற்றிலை போடுகிற பெரியவர்கள் கூட வந்தால் பொயிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. மின் சிகரெட்டும் தடை, பிடிபட்டால் பெரிய தண்டம். சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. ஒரே ஒரு பெட்டி என்றாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். சுவிங்கம் கொண்டுபோகக் கூடாது. இறைச்சியும் இறைச்சியால் செய்த பண்டமும் இலங்கையிலிருந்து அனுமதியில்லை.

கருவாடு? சொந்தப் பாவனைக்கு அளவோடு கொண்டுபோகலாம். கடலுணவுக்கு மொத்த வரம்பு ஆளுக்கு 5 கிலோ. ஆனால் இரண்டு பொலித்தீன் உறையும் ஒரு மூடி இறுகும் டப்பாவும் இல்லாமல் வைத்தால், பெட்டியில் உள்ள அத்தனை உடுப்பும் மூன்று நாளும் மணக்கும்.

மருந்து விஷயத்தில் கவனம். நித்திரைக் குளிசை, மனப்பதற்றக் குளிசை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அதிகாரசபையின் அனுமதி தேவைப்படலாம். பிரஷர், சீனி மருந்துகளை மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவில், மருந்தகப் பெட்டியோடு, மருத்துவர் எழுதிய துண்டோடு கைப்பையில் வையுங்கள். குளிசையைத் தனியே பிரித்துச் சின்னப் பைகளில் போட்டால் அது என்னவென்று யாருக்கும் காட்ட முடியாது.

சின்னச் சாமான் ஒன்று, ஆனால் முதல் இரவில் இதுதான் அதிகம் படுத்தும்: பிளக். சிங்கப்பூரில் சுவரில் இருப்பது மூன்று சதுரத் துளை. நம் பழைய வீடுகளில் உள்ள மூன்று உருண்டைக் கால் பிளக் அதில் போகாது. மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட், ஆகவே மின்மாற்றி வேண்டாம். சதுரக் கால் சார்ஜர் ஒன்றும், குடும்பமாகப் போனால் சதுரக் கால் உள்ள பலதுளை வயர் ஒன்றும் போதும். ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

திருமலையிலிருந்து கட்டுநாயக்க

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வேனில் ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். சாப்பாட்டு நிறுத்தத்தையும் ரயர் காற்றுப் போவதையும் சேர்த்து ஏழரை என்று கணக்கிடுங்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன் கவுண்டரில் நிற்க வேண்டும். பகல் 1 மணிக்கு வெளிக்கிட்டால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான காட்டுப் பாதை பகலிலேயே முடிந்துவிடும். திரும்பி வரும்போதுதான் பலர் யோசிப்பதில்லை. விமானம் இரவில் இறங்கினால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் இருட்டில் வராதீர்கள். யானை நிற்கும் தெரு அது. நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி விடிய வெளிக்கிடுவதற்கான காசைப் பயணச் செலவில் முதலிலேயே எழுதிவையுங்கள்.

சாங்கியில் இறங்கியதும்

1. குடிவரவில் தானியங்கி வாயில்கள் இருக்கும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை வைத்து, தொப்பி கண்ணாடியைக் கழற்றி, கமராவைப் பாருங்கள். கைக்குழந்தைகள், சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போங்கள்.

2. கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். ஆகவே வருகை அட்டையில் பயண முகவரின் மின்னஞ்சலைப் போடாமல் உங்கள் மின்னஞ்சலைப் போடுங்கள். வந்த திகதியைத் திறந்து பாருங்கள். தங்க விட்ட நாள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம்.

3. விமான நிலையத்திலேயே முகம் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பிட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். முதலாம் முனையத்தோடு ஒட்டியிருக்கும் ஜுவெல் கட்டடத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்க நீர்வீழ்ச்சி இருக்கிறது. அறை கிடைக்காத காலை நேரத்தைக் கழிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

4. சிம் அட்டை வாங்குவதாக இருந்தால் இங்கேயே வாங்கி, போட்டுப் பார்த்து, வரைபடம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள்.

5. பணம் மாற்றுவதை இங்கே 50 டொலரளவில் நிறுத்துங்கள். லிட்டில் இந்தியாப் பகுதியில் விலை நன்றாக இருக்கும்.

இனி ரயில். தங்குமிடம் லிட்டில் இந்தியாவில் என்று வைத்துக்கொள்கிறோம். அங்கே வாழும் தமிழர் அந்தப் பகுதியைத் தேக்கா என்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு அதுதான் வசதி. சோறு கிடைக்கும், தமிழில் கதைக்கலாம், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடம்.

சாங்கி நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். இங்கேதான் பொறி. வரைபடத்தில் லிட்டில் இந்தியாவும் அதே நீலக் கோட்டில் இருப்பதால், பேசாமல் இருந்துவிடத் தோன்றும். அந்தப் பாதை நகரத்தின் நடுவே ஒரு வளையம் போட்டு, சைனாடவுன், பேஃப்ரன்ட் எல்லாம் சுற்றித்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். அதற்கு முன்பே வரும் ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடையில் தேக்காவின் தெருக்கள். பெட்டி பெரிதென்றால், அல்லது நான்கு பேர் என்றால், டாக்சி பிடியுங்கள். ஏறக்குறைய 25 முதல் 40 டொலர் வரும். நான்காகப் பிரித்தால் கொள்ளை விலை இல்லை.

வாயிலில் அட்டையைத் தொட்டு உள்ளே போய், வெளியே வரும்போதும் தொட வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் போக முடியாது. 0.9 மீற்றருக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டு வங்கி அட்டையையே வாயிலில் தொடலாம். ஓடும் நாளொன்றுக்கு 60 சதம் சேவைக் கட்டணம் சேரும், உங்கள் வங்கியின் மாற்றுக் கட்டணம் வேறு. உள்ளூர்ப் பயண அட்டை வாங்கினால் அட்டை விலை 5 டொலர் திரும்பி வராது. மூன்று நாள் பயணத்துக்கு வங்கி அட்டையும், ஒரு வாரம் நிற்பவர்களுக்கும் வங்கி அட்டை இல்லாத பெற்றோருக்கும் பயண அட்டையும் சரி. ஒன்றை மறக்காதீர்கள்: போகும்போது பிளாஸ்டிக் அட்டையைத் தொட்டுவிட்டு வரும்போது போனில் உள்ள அதே அட்டையைத் தொட்டால், இயந்திரம் அதை வேறு அட்டையாகத்தான் எடுக்கும். கட்டணம் பிழைக்கும்.

ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தண்டம் 500 டொலர் வரை. எஸ்கலேட்டரில் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். அவசரக்காரர் வலப்பக்கத்தால் போவார்கள்.

முதல் நாள்: தேக்காவைச் சுற்றி ஒரு கிலோமீற்றர்

பெட்டிகளை ஹோட்டல் கவுண்டரில் ஒப்படையுங்கள். அறை இல்லாவிட்டாலும் சாமானை வாங்கி வைப்பார்கள். பிறகு தேக்கா சென்டர் கட்டடத்தின் உணவங்காடிக்கு நடங்கள். இந்தச் சாப்பாட்டுக் கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு சாப்பாடு ஏறத்தாழ 4 முதல் 7 டொலர். மேசையில் ஒரு டிஷ்யூப் பொட்டலம் தனியே கிடந்தால் அது குப்பையில்லை, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே பிடிக்கலாம். சாப்பிட்டு முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். 2021-இலிருந்து இது சட்டம்.

தேத்தண்ணி கேட்பது தனிக் கலை. வெறுமனே "தே" என்றால் ரின்பால் ஊற்றித் தித்திக்கத் தித்திக்கத் தருவார்கள். "தே-ஓ" என்றால் நம் பிளேன்டீ, சீனியோடு. "தே-சி" என்றால் ரின்பாலுக்குப் பதிலாகச் சீனியில்லாத ஆவியாக்கிய பாலும் தனியே சீனியும். எதற்குப் பின்னாலும் "கோசொங்" சேர்த்தால் சீனி இல்லை, "சியூ தாய்" என்றால் சீனி குறைவு, "பெங்" என்றால் ஐஸ். சீனி வருத்தக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் "தே-ஓ கோசொங்". கோப்பிக்கும் இதே வால்கள்தான்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: ஹலால் சான்றிதழ் கடை முகப்பில் ஒட்டியிருக்கும். உணவங்காடியில் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும், பக்கத்துக் கடைக்கு இருந்தால் இதற்கும் இருக்கும் என்றில்லை. தட்டு அடுக்கிலும் ஹலால் தட்டுக்குத் தனி இடம் உண்டு. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் நடை தூரம்.

பின்னேரம் அறை கிடைத்ததும் இரண்டு மணித்தியாலம் மட்டும் படுங்கள், அலாரம் வைத்து. ஆறு மணிக்கு எழும்பிக் குளித்துவிட்டு செரங்கூன் ரோட் வழியே நடந்தால் வீரமாகாளியம்மன் கோவில், அதையும் தாண்டினால் சீனிவாசப் பெருமாள் கோவில். சூரியன் ஏழு மணிக்குத்தான் மறையும், விடிவதும் ஏழு மணிக்குத்தான். இருட்டி வரும் அந்த அரை மணித்தியாலத்தில் அம்மன் கோவில் மணியும் வீதி விளக்கும் சேர்ந்து வரும்போது, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நெஞ்சு நம்பும். அந்த நேரத்துக்காகத்தான் பகல் முழுதும் உடம்பைச் சேமிக்கச் சொன்னோம். முஸ்தபா கடை அதே வரிசையில்தான், இரவு வெகுநேரம் திறந்திருக்கும். பணம் மாற்றவும் அங்கேயே முடியும். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் தவிருங்கள், வேலைக்கு வந்த தொழிலாளர் எல்லோரும் தங்கள் ஒரே விடுமுறையில் கூடும் நேரம், நடக்க இடமிராது.

இரண்டாம் நாள்: நீலக் கோட்டில் ஒரு பகல்

இந்த நாளை ஒரே பாதையில் அடக்கலாம். எல்லா இடமும் நீலக் கோட்டில் இருக்கிறது.

காலை 7 மணிக்கே தாவரவியற் பூங்கா. லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிலையம். 2015-இல் உலக மரபுரிமை இடமான பூங்கா, நுழைவு இலவசம். ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். திருமலைக் கச்சான் காற்று வெயிலுக்குப் பழகிய நமக்கு அங்கத்தைய வெயில் பெரிதாகத் தெரியாது. புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை காயாது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் தண்ணீர் குடியுங்கள். மழை எந்த மாதமும் வரும், மடக்குக் குடை பையிலேயே கிடக்கட்டும்.

அடுத்து சைனாடவுன். பெயர் சீனமானாலும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோவிலும், அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இருக்கின்றன. கோவில் மத்தியானத்தில் நடை சாத்திவிடும். 11 மணிக்குள் போய்ச் சேருங்கள்.

உச்சி வெயிலுக்குக் குளிரூட்டிய இடம் வேண்டும். ஒரே நிலையம் தள்ளி ஃபோர்ட் கனிங். குன்றின் அடியில் உள்ள நிலத்தடி அறைகளில்தான் 1942 பெப்ரவரி 15-ஆம் திகதி ஆங்கிலேயத் தளபதிகள் சரணடைய முடிவெடுத்தார்கள். திருமலைக்காரர் இதைப் பார்க்காமல் வரக் கூடாது. சிங்கப்பூர் விழுந்ததும் கிழக்கில் ஆங்கிலேயக் கடற்படைக்கு நம் துறைமுகத்தின் பாரம் கூடியது. இரண்டு மாதம் ஆகுமுன், ஏப்ரல் 9-ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்துக்கும் இந்த அறைகளுக்கும் இடையில் ஒரே கதைதான் ஓடுகிறது.

மாலை பேஃப்ரன்ட். கார்டன்ஸ் பை த பேயின் திறந்தவெளித் தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்குக் காசு. இரண்டையும் வாங்க வேண்டாம், நீர்வீழ்ச்சி உள்ள மேகக் காட்டுக் கூடம் ஒன்றே போதும். மரக்கோபுரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும். முதலாவதைப் பாருங்கள். புல்லில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. முடிந்ததும் கரைப்பக்கம் நடந்தால் 9 மணி நீர்க்காட்சியும் கிடைக்கும். இந்தப் பகுதி உணவகங்களில் விலைக்குப் பின்னால் ++ என்று போட்டிருந்தால் 10 வீதம் சேவையும் அதன்மேல் 9 வீதம் வரியும் சேரும்: 10 டொலர்ச் சாப்பாடு 11.99 ஆகும். பசியாறுவதைத் தேக்காவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: சிலோன் ரோட்

சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் வராத இடம், நமக்கு முதலில் வர வேண்டிய இடம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ரயில்வேக்கும் அரச கந்தோர்களுக்கும் வேலைக்குப் போன இலங்கைத் தமிழர் கட்டங் பக்கம் குடியிருந்தார்கள். அங்கே சிலோன் ரோட் என்றே தெரு இருக்கிறது. அதில்தான் செண்பக விநாயகர் கோவில். குளக்கரையில் ஒரு செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் சிலையிலிருந்து தொடங்கிய கோவில் அது. 21 மீற்றர் இராசகோபுரம், உள்ளே கருங்கல் தூண்களில் பிள்ளையாரின் 32 வடிவங்கள். தூணுக்கு எட்டாக நான்கு தூண். ஒவ்வொன்றாக நின்று பார்க்க அரை மணித்தியாலம் கொடுங்கள்.

போகும் வழி: லிட்டில் இந்தியாவில் ஊதா நிறப் பாதையில் ஏறி ஊட்ரம் பார்க்கில் இறங்கி, பழுப்புப் பாதைக்கு மாறி மரின் பரேட் வரை. 2024-இல் திறந்த நிலையம், அதனால் பழைய குறிப்புகளில் பஸ் வழிதான் இருக்கும். நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. காலை 9.30-க்குள் கோவிலில் நின்றால் நடை சாத்துமுன் ஆறுதலாகக் கும்பிடலாம். முழங்கால் மறைக்கும் உடுப்பு போடுங்கள்.

அந்தப் பகுதியின் பெயர் போன சாப்பாடு லக்சா, தேங்காய்ப்பால் குழம்பில் நூடில்ஸ். பால்சொதி பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனால் குழம்பில் இறாலும் சேரும். மரக்கறிக்காரர் கேட்டுச் சாப்பிடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைப் பூங்காவுக்கு நடக்கலாம். நெடுஞ்சாலைக்கு அடியால் சுரங்க நடைபாதை இருக்கிறது, மேலால் கடக்க முயலாதீர்கள். நிலாவெளிக் கடலைப் பார்த்த கண்ணுக்குத் தண்ணீர் கலங்கலாகத்தான் தெரியும். குளிக்க நினைக்க வேண்டாம். கரையில் இருந்து கப்பல்களைப் பாருங்கள். அடிவானம் முழுக்க வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும், இருட்டியதும் ஒவ்வொன்றாக விளக்கேற்றும். திரும்பும்போது மீண்டும் மரின் பரேட்டில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறுங்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டித்தான், பத்து மணிக்குக் கிளம்பினாலும் பிந்தாது.